பாடும் விரலும் படத்தொகுப்பும்

நுண்கலை மாணவர்க்கு இசைக் காணொளியின் வரலாற்றை, 1981-இல் அமெரிக்காவில் எம்டிவி தோன்றியதிலிருந்து தொடங்கிக் கற்பிப்பது எளிது. அவ்வாறு தொடங்கினால், பாடலோடு காட்சியை இணைப்பதை இரவல் கலையாகவே அவர்கள் கருதுவர்.

வங்காளத்துப் பட்டுவாக்களிடமிருந்து தொடங்கலாம். மேற்கு மிட்னாப்பூர் மாவட்டத்து நயா கிராமத்தில், சித்ரகர் என்னும் குடிப்பெயர் கொண்ட ஓவியர்கள் தாள்களை இணைத்து, பின்புறம் துணி ஒட்டி, நீண்ட சுருளில் கதையைத் தீட்டுகின்றனர். சுருளைச் சட்டகம் சட்டகமாக அவிழ்த்து, விரலால் சுட்டியபடியே பாடுகின்றனர். பெரும்பாலும் இசுலாமியரான இவர்கள் மனசா தேவியின் கதையைப் பாடுவர். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் பாடினர். எந்தச் சட்டகம் எவ்வளவு நேரம் கண்முன் நிற்கவேண்டும் என்பதை அவ்விரலே முடிவுசெய்கிறது. படத்தொகுப்பாளர் செய்வதும் அதுவே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டுவாவின் விரல் பாடலைப் பின்தொடரும். காணொளியோ பாடல் சொல்லாததையும் சொல்ல இயலும். பெண்ணுரிமைக்காகப் பிரேக்த்ரூ அமைப்பு உருவாக்கிய, சுபா முத்கல் பாடிய ‘மன் கே மஞ்சீரே’ இதற்குச் சான்று. பாடல் ஒரு பெண்ணின் உள்ளக்களிப்பைப் பேசுகிறது. மீதா வசிஷ்ட் நடித்த காட்சிகளோ, கொடுமை மிகுந்த மணவாழ்வை உதறி லாரி ஓட்டப் புறப்பட்டவளைக் காட்டுகின்றன. களிப்பு எதிலிருந்து பெற்ற விடுதலை என்பதைக் காட்சியே அறிவிக்கிறது.

ஆகவே மாணவர் முதலில் பாடலை மட்டும் கேட்கட்டும். பின்னர்க் காணொளியைக் காணட்டும். காட்சி புதிதாகச் சேர்த்தவற்றைப் பட்டியலிடட்டும். பட்டியல் வெறுமையாயின், அக்காணொளி பாடலுக்கு இட்ட உறை மட்டுமே.