அச்சு முறியும் கணக்கு

மயிலிறகுக்கு எடையே கிடையாது. ஆனாலும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார் வள்ளுவர். பல நூற்றாண்டுகள் கழித்து, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்காரர்கள் அதே பரிசோதனையைச் செய்து பார்த்தார்கள். மயிலிறகுக்குப் பதிலாக அவர்கள் ஏற்றியது குதிரைகளை! ஒரே காரில் முந்நூறு, நானூறு குதிரைகள்.

அச்சு முறிந்ததா? முறியாமல் இருக்குமா? ஆனால், எல்லாக் கார்களிலும் முறியவில்லை. எதில் முறிந்தது, எது தப்பித்தது, ஏன்? அதுதான் இந்த வாரக் கதை.

1963, ஜனவரி மாதம். தன் கம்பெனிகள் எதுவும் இனி கார் பந்தயத்தில் தலையிடக் கூடாது என்று உத்தரவு போட்டது ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை. அதன் போண்டியாக் பிரிவுக்கு இது பேரிடி. பந்தயத்தில் ஜெயித்துப் பெயர் வாங்கி, அந்தப் பெயரை வைத்துக் கார் விற்றுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பந்தயம் இல்லை என்றால் பிழைப்பு?

போண்டியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியன், பந்தயத்தைச் சாலைக்கே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தார். பெரிய கார்களுக்காகச் செய்த 389 கன அங்குல என்ஜினை (நம் கணக்கில் சுமார் 6.4 லிட்டர்) டெம்பஸ்ட் என்கிற நடுத்தரக் காருக்குள் இறக்கியது அவரது கோஷ்டி. நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி இருந்தது. அதனால் என்ன? புது மாடல் என்றால்தானே மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும்? விருப்பப்பட்டவர்கள் கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஐட்டம் என்று பட்டியலில் நைஸாக நுழைத்துவிட்டார்கள். 1964-ம் வருட மாடலாக வந்த அதன் பெயர், ஜி.டி.ஓ. முதல் வருடத்திலேயே 32,450 கார்கள் விற்றுத் தீர்ந்தன.

அப்புறம் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1966-ல் கிறைஸ்லர் தனது ஹெமி என்ஜினைச் சாலைக் காரில் வைத்தது. 425 குதிரைகள். 1970-ல் செவர்லேயின் செவெல் காருக்கு வந்த பெரிய என்ஜினில் 450. 'மஸில் கார்' என்கிற வம்சம் இப்படித்தான் உருவானது.

எல்லோரும் முன்பக்கம் பானெட்டைத் திறந்து என்ஜினைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பின்பக்கம் குனிந்து பார்த்தவர்கள் குறைவு. சங்கதி அங்கேதான் இருந்தது.

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், நான் பி.காம்., எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான். என்ஜின் தரும் முறுக்கு விசை, முதல் கியரில் சுமாராக இரண்டரை மடங்காகிறது. அங்கிருந்து நீளமான ஷாஃப்ட் வழியே பின் ஆக்ஸிலுக்கு வருகிறது. அங்கே பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், கிரௌன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியன் நாலு சுற்றுச் சுற்றினால் கிரௌன் வீல் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விசை இன்னொரு நாலு மடங்கு. ஆக, மொத்தம் பத்து மடங்கு. என்ஜின் ஒரு ரூபாய் போட்டால், ஆக்ஸில் தாங்க வேண்டியது பத்து ரூபாய்!

இந்தப் பத்து ரூபாயைத் தாங்க கிரௌன் வீல் பெரிதாக இருக்க வேண்டும். ஆக்ஸில் ஷாஃப்ட் தடிமனாக இருக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்கர்கள் ஆக்ஸிலை கிரௌன் வீலின் விட்டத்தைச் சொல்லி அழைக்கிறார்கள். ஃபோர்டு 9 அங்குலம், ஃபோர்டு 8.8, கிறைஸ்லர் 8¾ என்று. செவர்லேகாரர்களுக்கு மட்டும் தனி வழி. பின்மூடியில் எத்தனை போல்ட் என்று எண்ணி, 10 போல்ட், 12 போல்ட் என்பார்கள்.

கிறைஸ்லர் ஹெமி விஷயத்தில் செய்த ஒரு காரியம்தான் இந்தக் கதையின் சாவி. ஆட்டோமேடிக் கியர் வைத்த ஹெமி கார்களுக்கு வழக்கமான 8¾ ஆக்ஸிலே போதும் என்று விட்டுவிட்டார்கள். கையால் கியர் மாற்றும் நாலு கியர் ஹெமிக்கோ, லாரி, வேன் சமாசாரமான டானா 60 ஆக்ஸில். கிரௌன் வீல் 9¾ அங்குலம். அதே என்ஜின், அதே 425 குதிரை. எதற்கு இரண்டு ஆக்ஸில்?

காரணம், ஆக்ஸிலை முறிப்பது பலம் அல்ல. அடி! ஆட்டோமேடிக் காரில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது. அது மெத்தை மாதிரி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நாலு கியர் வண்டியில், சிக்னலில் என்ஜினை உறும விட்டு கிளட்ச்சிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தால், மொத்த விசையும் சம்மட்டி அடியாகப் பின்னால் இறங்கும். நூறு கிலோ மூட்டையைத் தோளில் மெதுவாக வைத்தால் தாங்குபவர்கூட, மாடியிலிருந்து போட்டால் என்ன ஆவார்? அதே கதை.

அந்தக் காலத்து ஆக்ஸில்களைக் காப்பாற்றியதில் ஒல்லி டயர்களுக்கும் பங்கு உண்டு. விசை எல்லை மீறும்போது டயர் வழுக்கிச் சுழன்றுவிடும். வீட்டு மின்சாரத்தில் ஃப்யூஸ் போவது மாதிரி. அகலமான, சாலையைக் கவ்விப் பிடிக்கும் டயரை மாட்டினீர்களோ, ஃப்யூஸைக் கழற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்து எரியப்போவது வயரிங்தான்.

இந்தக் கதையின் நிஜமான ஹீரோ, 1957-ல் வந்த ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸில். குடும்பக் கார், வேன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் மாட்டினார்கள். பினியனின் உள்முனையைக்கூட ஒரு தனி பேரிங் தாங்கிப் பிடித்ததால் அது அசையவே அசையாது. பல்சக்கர மூட்டையை முன்பக்கமாக அப்படியே கழற்றி, வேறொன்றை மாட்டலாம். பந்தயக்காரர்கள் விடுவார்களா? 1986-ல் ஃபோர்டு அதை நிறுத்தியது. ஆனால் வேறு கம்பெனிகள் இன்றுவரை அதே அமைப்பில் புதிதாகச் செய்து விற்றுக்கொண்டிருக்கின்றன. இதில் பெரிய வேடிக்கை, நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயம். 2021 வரை அங்கே செவர்லே ஓடினாலும் டயோட்டா ஓடினாலும், அடியில் இருந்தது ஃபோர்டு வழி வந்த 9 அங்குல அமைப்புதான்! 2022-ல் காரின் வடிவமைப்பையே மாற்றியபோதுதான் அது விடைபெற்றது.

மஸில் கார் வம்சம் அதற்கு முன்பே படுத்துவிட்டது. 1970-ன் காற்று மாசுச் சட்டம், எகிறிய இன்ஷூரன்ஸ் கட்டணம், 1973-ன் எண்ணெய்த் தடை என வரிசையாக மூன்று அடிகள். குதிரைகள் குறைந்ததும் ஆக்ஸிலும் இளைத்தது. 1982-ல் வந்த புது கமாரோவுக்குக் கிடைத்தது வெறும் 7.5 அங்குலம். பலம் மெல்லத் திரும்பியபோது, 1986-ல் ஃபோர்டு தனது மஸ்டாங் வி8 காருக்கு 7.5-ஐ எடுத்துவிட்டு 8.8 அங்குலத்தைக் கொடுத்தது.

சரி, இப்போது உங்களை ஒஹையோ மாநிலத்தில் குடியேற்றுகிறேன். உங்களிடம் ஒரு 1968 செவெல். பழைய என்ஜினைத் தூக்கிவிட்டு 450 குதிரை நவீன என்ஜினைப் போட்டுவிட்டீர்கள். அகல டயரும் ஆச்சு. அடியில் இருப்பதோ ஐம்பது வருஷத்துக்கும் மேல் பழசான 10 போல்ட் ஆக்ஸில். தினமும் ஆபீஸுக்கு அதில்தான் போகிறீர்கள். என்ன ஆக்ஸில் வாங்குவீர்கள்?

உடனே டானா 60 என்பீர்கள். முறியாது, சத்தியம். ஆனால் அத்தனை எடையும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் உங்கள் இடுப்பு அதைச் சொல்லிக் காட்டும். 9 அங்குலம்? உறுதி. ஆனால் அதன் பினியன், கிரௌன் வீலின் மையத்திலிருந்து நிறையவே கீழே இறங்கி இருக்கிறது. பற்கள் அதிகம் உரசும், கொஞ்சம் விசை சூடாக வீணாகும். பெட்ரோல் பில்லில் அது தெரியும். 12 போல்ட்டிலும் 8.8-லும் உரசல் குறைவு. சாலைக் காருக்கு அவை பெரும்பாலும் போதும்.

பல் விகிதத்திலும் ஆசைப்படக் கூடாது. 4.10 போட்டால் சிக்னலில் ராஜா. நெடுஞ்சாலையில் என்ஜின் அலறிக்கொண்டே வரும். ஓவர் டிரைவ் கியர் இல்லாதவர்கள் மூன்றுக்குப் பக்கத்தில் நிற்பதே நிம்மதி.

காசைப் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. செவர்லேயின் 10 போல்ட், 12 போல்ட், ஃபோர்டு 8.8 மூன்றிலும் ஆக்ஸில் ஷாஃப்ட்டை உள்முனையில் பிடித்திருப்பது ஆங்கில 'சி' வடிவ கிளிப். ஷாஃப்ட் முறிந்தால், வெளித்துண்டைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. சக்கரத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிடலாம். 9 அங்குலத்தில் வெளிமுனையிலேயே ஒரு தகடு போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறது. முறிந்தாலும் சக்கரம் ஓடாது. கால் மைலை 11 வினாடிக்குள் கடக்கும் கார்களுக்கு இப்படியொரு பிடிமானம் கட்டாயம் என்கிறது அமெரிக்க டிராக் பந்தயச் சங்கம். பந்தயத்தில் அவர்களுக்குத் தடுப்புச் சுவர் இருக்கிறது. ஆபீஸ் போகும் வழியில் உங்கள் பக்கத்து லேனில் இருப்பது ஸ்கூல் பஸ்.

ஆகவே, அகல டயரும் கிளட்ச்சும் சேர்ந்த கார் என்றால் 9 அங்குலம். ஆட்டோமேடிக், நிதானமான கால் என்றால் தடித்த ஷாஃப்ட் போட்ட 12 போல்ட்டோ 8.8-ஓ போதும், கூடவே அந்த கிளிப்பை எடுத்துவிட்டு வெளிமுனைப் பிடிமானம். முதலில் என்ஜினுக்குச் செலவழித்துவிட்டு, மிச்சத்தில் ஆக்ஸில் என்று மட்டும் பட்ஜெட் போடாதீர்கள். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேடு அது. தணிக்கை நடக்கும் இடம், நெடுஞ்சாலை.