முன்னோர் தாளமும் இளையோர் குரலும்: ஹிப்-ஹாப் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

தலைமுறைப் பிணக்கு எல்லாக் கலைகளிலும் உண்டு. ஆயினும், முன்னோர் பதிவுசெய்த இசைத்தட்டுகளையே கருவியாகக் கொண்டு பிறந்த கலை ஹிப்-ஹாப். ஆதலால், முன்னோருக்குரிய மதிப்பு எது என்னும் வினா அதன் பிறப்போடு பிறந்ததாகும்.

1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் சாலை 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிண்டி கேம்பல் ஒரு விருந்து நடத்தினார். அவர்தம் அண்ணன், ஜமைக்காவில் பிறந்த டி.ஜே. கூல் ஹெர்க், இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்தொலிக்கும் சில வினாடிகளுக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை ஹெர்க் உணர்ந்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாறிமாறி இயக்கி, அவ்வினாடிகளை நீட்டும் முறையை வளர்த்தெடுத்தார். 1980களில், பழைய பதிவின் துண்டைப் புதிய பாடலுள் பொருத்தும் ‘சாம்ப்ளிங்’ முறை பரவியது.

மூத்தோர் சிலர் சினந்தனர். மைல்ஸ் டேவிஸின் குழுவில் தாளக்கருவி வாசித்த ஜேம்ஸ் எம்டூமே, இம்முறையை வானொலியில் கண்டித்தார். 1988இல் ஸ்டெட்சசோனிக் குழுவினர் ‘டாக்கின் ஆல் தட் ஜாஸ்’ என்னும் பாடலால் மறுமொழி தந்தனர். மறக்கப்படும் இசைக்கு உயிரூட்டுவோர் தாமே என்பது அவர்தம் வாதம்.

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1970இல் வெளிவந்தது. அதில் கிளைட் ஸ்டபில்ஃபீல்டு முழக்கிய தாளம் நூற்றுக்கணக்கான ராப் பாடல்களுக்கு அடித்தளமாயிற்று; தாளம் நிலைத்தது. பாடலின் ஆக்கவுரிமையோ பிரவுனுடையது. முழக்கியவர் பெற்றது மிகச் சொற்பம். அனுமதியின்றி ஒரு பாடலை எடுத்தாண்டதற்காக 1991இல் பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் முன்னனுமதி பெறுவது நடைமுறையாயிற்று. எனினும், சட்டம் உரிமையாளரைக் காத்த அளவுக்கு வாசித்தவரைக் காக்கவில்லை.

எம்டூமேயின் கதை வேறு திசையில் சென்றது. அவரது குழு 1983இல் வெளியிட்ட ‘ஜூசி ஃப்ரூட்’ பாடலின் மீது, நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1994இல் தம் ‘ஜூசி’ பாடலை எழுப்பினார். ஆக்கியோர் வரிசையில் எம்டூமேயின் பெயரும் இடம்பெற்றது. சாம்ப்ளிங்கைக் கண்டித்தவரின் இசை, அதே சாம்ப்ளிங்கின் வழியாக அடுத்த தலைமுறையை அடைந்தது.

இம்மரபு நம் மலேசிய மண்ணுக்கும் வந்தது. யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு 2006இல் வெளிவந்தது. அதிலுள்ள ‘மடை திறந்து’, 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலின் மீது கட்டப்பட்டது. பெற்றோர் கேட்ட பாட்டும் பிள்ளைகள் விரும்பிய ராப்பும் அதில் ஒன்றாயின.

இளையோர் முன்னோரைப் போலவே பாடவேண்டும் என நாம் கோர வேண்டியதில்லை. எடுத்த தாளம் எவருடையது எனச் சொல்லவும், அவருக்குரியதை அவரிடம் சேர்க்கவும் கோருவது முறையே. 2017இல் ஸ்டபில்ஃபீல்டு மறைந்தார். அவர் தாளத்துக்கு ஆடியவர்களுள் பெரும்பாலோர் அவர் பெயரை அறியார். அப்பெயரைச் சொல்லுதல் நம் கடன்.