நிரப்பலகையும் மயாமி ஜன்னலும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இன்னைக்கு ஜன்னலைப் பத்தி ஒரு பதிவு. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு :-)

எங்க அக்கா வீட்டுல குளச்சலுக்குப் பக்கத்துல கடலைப் பார்த்த மாதிரி வீடு கட்டுறாங்க. போன மாசம் போயிருந்தேன். முன்பக்கம் பூரா அலுமினியம் ஸ்லைடிங், அகல அகலமா கண்ணாடி. "அத்தான், வெளிய ஒரு மரக்கதவு போடலாமே"ன்னேன். "இப்பம் எல்லாரும் இதுதாம்டே போடுகினும். பிளான்லயும் அதெல்லாம் ஒண்ணும் கேக்கல"ன்னார்.

பிளான்ல கேக்கல! அதுதான் மண்டைக்குள்ள நின்னுச்சு. ஊருக்கு வந்ததும் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் கீழே தர்றேன்.

முதல்ல ஒக்கி. 2017 நவம்பர் 30. கடலை விட்டு எட்டி இருக்கற எங்க அருமனையிலேயே ரப்பர் மரங்கள் முறிஞ்சு ரோட்டுல கிடந்துச்சு. நாள்கணக்கா கரண்ட் இல்ல. கடலுக்குப் போன மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவே இல்ல. அந்த இழப்புக்கு முன்னால ஜன்னல் சின்ன விஷயம்தான். ஆனா கரையில இருக்கறவங்களுக்கு வீடுதானே கடைசி அடைக்கலம்?

அதுக்கு முன்னாடி இங்க வீடு எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம மாவட்டம் திருவிதாங்கூரோட இருந்த பூமி. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவங்களுக்குத் தெரியும், எல்லாம் மர வேலை. சாதா வீட்டுலயும் ஜன்னல் சின்னது, அதுக்கு கெட்டியான மரக்கதவு. மழைச்சாரலும் திருடனும்தான் காரணம், புயலை நினைச்சு யாரும் செய்யல. ஆனா காத்தடிச்சா இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டா முடிஞ்சுது.

கடைகள்ல நிரப்பலகை. எங்க ஜங்ஷன் கடையில ராத்திரி ஒவ்வொரு பலகையா காடியில சொருகி, கடைசிப் பலகைக்குக் குறுக்கா இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவாங்க. பலகை மாறிடக் கூடாதுன்னு நம்பர் போட்டிருக்கும். சின்ன வயசுல அதை எண்ணிப் படிச்சது ஞாபகம் இருக்கு.

இப்ப கொஞ்சம் அமெரிக்கா போவோம். அங்க இதே நிரப்பலகைதான் சட்டம்! 1992 ஆகஸ்ட் 24-ல ஆண்ட்ரூங்கற சூறாவளி ஃபுளோரிடாவோட தெற்குப் பகுதியை அடிச்சுது. மயாமிக்குத் தெக்கே ஹோம்ஸ்டெட் பக்கம் 25,000-க்கும் மேல வீடுகள் மொத்தமா போச்சு. இத்தனைக்கும் அங்க 1957-லயே கட்டட விதித்தொகுப்பு வந்தாச்சு. அமெரிக்காவுலயே கறாரானதுன்னு பேரு. விதி இருந்துச்சு, கட்டும்போது போய்ப் பார்த்தவங்க சரியாப் பார்க்கல. விசாரணையில வெளிய வந்தது இதுதான்.

வீடு எப்படிப் போகுதுன்னா, பறந்து வர்ற கட்டையோ ஓடோ கண்ணாடியை உடைக்குது. காத்து உள்ள புகுந்து கூரையைக் கீழேருந்து தள்ளுது. மேல போற காத்து அதே கூரையை உறிஞ்சுது. ரெண்டும் சேர்ந்தா கூரை கிளம்பிடுது. அதனால 1994-ல மயாமி பகுதியில புது விதி: புது வீட்டுல ஒவ்வொரு திறப்புக்கும் பாதுகாப்பு வேணும். சுமார் 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்துல எறிஞ்சு பார்ப்பாங்க. தாங்கினாத்தான் அந்த ஷட்டருக்கு ஒப்புதல். அதை மாட்டவும் தனியா பெர்மிட், மாட்டின பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கணும். 2002-ல மாநிலம் முழுக்க ஒரே விதித்தொகுப்பு வந்துச்சு.

நம்ம கதைக்கு வருவோம். நம்ம நாட்டுல விதியே இல்லையான்னா, இருக்கு. காத்துக்கான ஐ.எஸ். 875 மூணாம் பாகத்துல சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், திருவனந்தபுரத்துக்கு 39 மீட்டர்னு அடிப்படை வேகம் போட்டிருக்கு. 39 மீட்டர்னா மணிக்கு 140 கிலோமீட்டர். கணக்குப் போட்டா 4 அடிக்கு 4 அடி ஜன்னல் மேல சுமார் 135 கிலோ அழுத்தம். ரெண்டு ஆள் ஏறி நிக்கற மாதிரி!

2015 திருத்தத்துல புயல் அடிக்கற கரைகளுக்குன்னு ஒரு பெருக்கல் எண் சேர்த்தாங்க. புயலுக்குப் பிறகும் கட்டாயம் தேவைப்படற கட்டடத்துக்கு 1.30, தொழிற்சாலைக்கு 1.15, மத்ததுக்கெல்லாம் 1.00. நம்ம வீடெல்லாம் அந்த 'மத்தது'. ஒண்ணால பெருக்கினா என்ன கூடும், சொல்லுங்க :-) சின்ன வீடுகளைப் புயல் தாங்கற மாதிரி கட்டறதுக்குன்னே 2004-ல ஐ.எஸ். 15498 வந்துச்சு. அது வழிகாட்டிதான்.

கடற்கரைக்குன்னு கேக்கற விதி வேற. 1991-ல வந்து, 2011-லயும் 2019-லயும் மாறின கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. உயர் அலைக் கோட்டுலேருந்து எவ்வளவு தூரத்துல என்ன கட்டலாம்னு அது சொல்லுது. எங்க கட்டறேன்னு கேக்குது, ஜன்னலை எப்படிச் சாத்துவேன்னு கேக்கல. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் குடியிருக்க முடியாதுன்னு அரசு அறிவிச்சுதே, ஏறக்குறைய அதே மனசு. புயல்னா தள்ளி நில்லு. சரிதான், ஆனா கடலை நம்பிப் பிழைக்கறவன் எவ்வளவு தூரம் தள்ளி நிப்பான்?

இன்னொண்ணு. 2024 ஜூலையில தமிழ்நாட்டுல சுயசான்று முறை வந்துச்சு. 2,500 சதுர அடி மனையில 3,500 சதுர அடி வரைக்கும் வீடுன்னா, நாமே சான்று கொடுத்து ஆன்லைன்ல உடனே அனுமதி வாங்கலாம். அலைச்சல் இல்ல, நல்ல விஷயம். ஆனா ஆண்ட்ரூ சொன்ன பாடம் விதியைப் பத்தி இல்ல, போய்ப் பார்க்கற கண்ணைப் பத்தி. இங்க அந்தக் கண்ணு இனி நம்மளோடது. விதி கேக்கலன்னா நாமதான் கேக்கணும்.

இதையெல்லாம் அத்தான்கிட்ட போன்ல சொன்னேன். பெரிய செலவு வேண்டாம், கடல் பக்கத்து நாலு ஜன்னலுக்கும் வெளிய மேலயும் கீழயும் சேனல் அடிச்சு, நம்பர் போட்ட பலகை செஞ்சு கட்டிலுக்கு அடியில வச்சிடலாம், புயல் சேதி வந்தா அரை மணி நேர வேலைன்னேன். "கடை வைக்கப் போறியாடே?"ன்னு சிரிச்சார். இன்னும் சரின்னு சொல்லல.

அக்கா சொல்லிட்டா. ஒக்கி ராத்திரி வாடகை வீட்டுல ஜன்னல் உடைஞ்சு, ரெண்டு பிள்ளைகளையும் பீரோவுக்குப் பின்னால வச்சுகிட்டு உக்காந்திருந்தது அவதானே. ஆசாரி வர்ற வாரம் அளவெடுக்கப் போறார்.

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்ல. அந்த 135 கிலோ தோராயக் கணக்கு. உங்க வீட்டுக்கு விவரம் தெரிஞ்சவங்களைக் கேட்டுச் செய்ங்க. உங்க ஊர்ல நிரப்பலகைக்கு என்ன பேருன்னு மறக்காம சொல்லிட்டுப் போங்க.