மகத் நகராட்சியின் ஒரு தீர்மானம்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பு இருக்கவேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம். கொங்கணக் கரையோரத்தில் ஒரு சிறிய ஊரின் நகராட்சி மன்றம் கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மூன்றரை ஆண்டு கழித்து, அதே மன்றம் அதே முறையில் கூட்டம் போட்டு அதை ரத்து செய்தது. ஊரின் பெயர் மகத். மகத் என்றதும் நம் எல்லோருக்கும் சவுதார் குளம் நினைவுக்கு வரும், பாபாசாகேப் குனிந்து தண்ணீரை அள்ளிய காட்சி நினைவுக்கு வரும். அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் இருந்த தாள்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தத் தாள்கள் மீது எனக்கு ஆர்வம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இளவயதில், ஒரு நகராட்சியின் மன்றத் தீர்மானப் புத்தகங்களைப் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. பொருள் எண் 1, பொருள் எண் 2 என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்று ஒரு வரி. தெருவிளக்கு பழுது, சந்தைக் குத்தகை, துப்புரவுப் பணிக்குத் துடைப்பம் வாங்கிய செலவு. இவற்றுக்கு நடுவே எங்கள் தெருவுக்குக் குழாய் நீட்டிக்கும் பொருளும் இருந்தது. அதன் கீழே "ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தது. அடுத்த கூட்டத்திலும் அதே சொல், அதற்கடுத்த கூட்டத்திலும் அதே சொல். யாரும் எங்களைத் திட்டவில்லை, சாதிப் பெயர் சொல்லவில்லை. ஒரே ஒரு வினைச்சொல், அதுவும் செய்தவர் யார் என்று காட்டாத செயப்பாட்டு வினை. சாதியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கலவரங்களைப் பதிவு செய்கிறோம். ஒத்திவைப்புகளைப் பதிவு செய்வதில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

இப்போது மகத்துக்கு வருவோம்.

அன்றைய கொலாபா மாவட்டத்தில், சாவித்திரி ஆற்றங்கரையில் இருந்த வணிக ஊர் மகத். தாலுகாத் தலைமையிடமும் அதுதான். சுற்றுக் கிராமங்களின் தீண்டப்படாத மக்கள் இரண்டு காரியங்களுக்காக அங்கே வரவேண்டியிருந்தது. ஒன்று, சாமான் வாங்க. மற்றது, அரசு வேலை. கிராம ஊழியம் மகார்களின் தலையில் இருந்ததால், அலுவலகக் கடிதங்களைக் கொண்டுவந்து சேர்ப்பதும் கிராமத்தில் வசூலான வரிப்பணத்தைத் தாலுகாவில் கட்டுவதும் அவர்கள் வேலை. சர்க்காரின் பணத்தைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் நடந்து வருகிறவருக்கு ஊருக்குள் குடிக்கத் தண்ணீர் கிடையாது. வெளியூர்க்காரர் யாரும் இறங்கிக் குடிக்கக்கூடிய பொதுக்குளம் சவுதார் ஒன்றுதான், அதில் இவர்கள் இறங்கக்கூடாது. ஊரில் இருந்த தீண்டப்படாதார் குடியிருப்பில் ஒரு கிணறு இருந்தது. அது நடு ஊரிலிருந்து தள்ளி இருந்தது, நகராட்சி கவனிக்காமல் விட்டதால் தூர்ந்தும் கிடந்தது. இதை அம்பேத்கரே எழுதியிருக்கிறார்.

அந்தக் கிணற்றை நான் பெரிதாக நினைக்கிறேன். சவுதார் குளத்தில் இறங்காதே என்று தடுக்கத் தடி எடுத்த மனிதர்கள் தேவைப்பட்டார்கள். கிணற்றைத் தூர்த்துவிட ஒருவரும் தேவைப்படவில்லை. தூர்வாரும் செலவை எழுதாமல் விட்டாலே போதும்.

1923 ஆகஸ்ட் 4ஆம் நாள் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தர்மசாலைகள் ஆகியவற்றையும், அரசுப் பள்ளி, நீதிமன்றம், அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றையும் தீண்டப்படாதார் பயன்படுத்த அனுமதிக்கவேண்டும் என்று மன்றம் பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். செப்டம்பர் 11ஆம் தேதி அரசு தன் துறைத் தலைவர்களுக்கு உத்தரவு அனுப்பியது. உள்ளாட்சி அமைப்புகளின் வசமிருந்த இடங்களை அந்தந்த அமைப்பே திறந்துவிடட்டும் என்ற நிலையே நீடித்தது. ஏறத்தாழ இதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும் சென்னை சட்டமன்றத்தில் பொதுத்தெரு, பொதுக்கிணறு உரிமைக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாகாணங்களிலும் சட்டமன்றம் சொன்னதைச் செய்யவேண்டிய இடம் உள்ளூர் மன்றமாகத்தான் இருந்தது.

மகத் நகராட்சி 1924 ஜனவரி 5ஆம் நாள் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. பல நகராட்சிகள் பேசாமல் இருந்தபோது மகத் இவ்வளவாவது செய்தது என்பதை மறைக்கக்கூடாது. நகராட்சித் தலைவராக இருந்து பிற்பாடு மாநாட்டுக்கும் துணைநின்ற சுரேந்திரநாத் திப்னிஸ் போன்ற சாதி இந்துச் சீர்திருத்தவாதிகளின் பங்கும் இதில் உண்டு. ஆனால் குளத்துக்குப் போகிறவர் அடிபடாமல் திரும்பி வர யார் பொறுப்பு? அதற்கு விடை இல்லாததால் ஒருவரும் குளத்துக்குப் போகவில்லை. புத்தகத்தில் குளம் திறந்திருந்தது, ஊரில் மூடியே இருந்தது. 1926 ஆகஸ்டில் போலே மறுபடியும் சட்டமன்றத்துக்கு வந்து, முந்தைய தீர்மானத்தை நடைமுறைப்படுத்தாத நகராட்சிகளுக்கும் உள்ளாட்சி வாரியங்களுக்கும் மானியம் தரக்கூடாது என்று இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். மூன்றாண்டில் எதுவும் நடக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பிறகு 1927 மார்ச் 19, 20. ஆர். பி. மோரே போன்ற உள்ளூர் இளைஞர்களின் முயற்சியில் கொலாபா மாவட்டத் தீண்டப்படாதார் மாநாடு மகத்தில் கூடியது. மாநாட்டுக்கு வந்தவர்களின் தாகத்துக்குச் சாதி இந்துக்களிடமிருந்து 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள் என்று தனஞ்சய் கீர் எழுதுகிறார். மூன்றாண்டுக்கு முன்பே தங்களுக்குத் திறந்துவிடப்பட்ட குளம் பக்கத்தில் இருக்க, காசு கொடுத்துத் தண்ணீர். இரண்டாம் நாள் அனந்தராவ் சித்ரே எழுந்து, நகராட்சியின் தீர்மானத்தை நடைமுறைப்படுத்தாமல் மாநாடு கலையக்கூடாது என்று சொன்னார். ஊர்வலம் புறப்பட்டது.

இந்த இடத்தில் மாணவர்களை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். நாம் இதைச் சட்டமீறல் போல நினைத்துப் பழகிவிட்டோம். உப்புச் சத்தியாக்கிரகத்தோடு சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் மார்ச் 20 அன்று சவுதார் குளத்தில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. நகராட்சி எழுதிவைத்த தீர்மானத்தை நகராட்சி நிறைவேற்றவில்லை. மூன்றாண்டு, இரண்டு மாதம், பதினைந்து நாள் கழித்து மக்கள் தாங்களே போய் நிறைவேற்றினார்கள். சட்டத்தை மீறியவர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள். வீரேசுவரர் கோவிலிலும் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் அடித்தார்கள். பிறகு சாணம், கோமியம், பால், தயிர் நிரப்பிய 108 பானைகளைக் குளத்தில் கவிழ்த்துத் தீட்டுக் கழித்தார்கள்.

பானைகளின் கதை எல்லோருக்கும் தெரியும். சிரிப்பதற்கும் கோபப்படுவதற்கும் அதில் நிறைய இருக்கிறது. ஆனால் அதைவிடக் கெட்டிக்காரத்தனமான தீட்டுக் கழிப்பு நான்கரை மாதம் கழித்து நடந்தது. 1927 ஆகஸ்ட் 4ஆம் நாள் மகத் நகராட்சி கூடி, 1924இன் தீர்மானத்தை ரத்து செய்தது. போலேயின் தீர்மானம் நிறைவேறி அன்றோடு சரியாக நான்கு ஆண்டு. தேதி பொருந்தியது தற்செயலாக இருக்கலாம். நடைமுறையைப் பாருங்கள். சாணம் வேண்டாம், மந்திரம் வேண்டாம். கூட்டம், பொருள், பெரும்பான்மை. அந்த மன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமையே வரி கட்டுகிறவர்களுக்கும் சொத்துள்ளவர்களுக்கும் உரியதாக இருந்த காலம் அது. யாருடைய தண்ணீரைப் பற்றி முடிவெடுத்தார்களோ, அவர்களுக்கு அந்த மேசையில் இடமில்லை.

ஜனநாயக நடைமுறையை வைத்தே உரிமையைத் திரும்பப் பிடுங்கும் இந்தக் கலை நம் மண்ணுக்கும் அன்னியமல்ல. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது என்ன நடந்தது? வேட்புமனு வராமல் பார்த்துக்கொண்டார்கள். வந்தால், ஜெயித்தவர் உடனே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பத்தாண்டு இப்படியே ஓடி, 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. கடிதத்தில் எல்லாம் சட்டப்படி சரியாகவே இருந்திருக்கும். கடிதத்துக்கு மசியாத இடத்தில் மேலவளவு நடந்தது. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனோடு சேர்த்து ஆறு பேர். கடிதமும் கத்தியும் ஒரே வேலையைத்தான் செய்தன.

மகத்தில் ரத்துத் தீர்மானம் வந்த பிறகும் அம்பேத்கர் பின்வாங்கவில்லை. டிசம்பர் 25 முதல் மறுபடியும் சத்தியாக்கிரக மாநாடு என்று அறிவித்தார். டிசம்பர் 12ஆம் நாள் சாதி இந்துக்கள் சிலர் உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 14ஆம் நாள் தற்காலிகத் தடை உத்தரவு கிடைத்தது. திறந்துவிட்ட தீர்மானம் மூன்றாண்டு தூங்கியது, தடுக்கும் உத்தரவுக்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. மாநாட்டுக்கு இடம் தர ஊரில் சாதி இந்து ஒருவரும் முன்வரவில்லை. ஒரு முஸ்லிம் தந்த நிலத்தில் பந்தல் போட்டார்கள். 25ஆம் நாள் மனுஸ்மிருதியை எரித்தார்கள். குளத்துக்குப் போவதை மட்டும், நீதிமன்ற உத்தரவு நிற்கும்வரை தள்ளிவைத்தார்கள். மனுவின் சட்டத்தை எரித்த அதே பந்தலில் உள்ளூர் கோர்ட்டின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது முரண்பாடு என்று சொல்வோர் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தத் தாளை எரிப்பது, எந்தத் தாளை எதிர்த்து வழக்காடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வழக்கு பத்தாண்டு நடந்தது. வாதிகள் சொன்னது இதுதான்: குளம் சாதி இந்துக்களுக்கே உரியது, தொன்றுதொட்ட வழக்கப்படி தீண்டப்படாதாருக்கு அதில் உரிமை இல்லை. சுற்றிலும் அவர்களுடைய வீடுகள், படித்துறைகள், கரைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் குளம் அரசுக்குச் சொந்தமாக இருந்து நகராட்சியின் பொறுப்பில் வந்த பொதுச்சொத்து. முஸ்லிம்களும் அதில் தண்ணீர் எடுத்துவந்தார்கள். 1931 ஜூன் 8இல் மகத் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1933 ஜனவரி 30இல் தாணா நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. 1937 மார்ச் 17இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எழுதியவர் நீதிபதி புரூம்ஃபீல்ட், 1922இல் அகமதாபாதில் காந்திக்கு ஆறாண்டு சிறை விதித்தவர். ஒரு சாரார் பயன்படுத்தவில்லை என்பதாலேயே அவர்களை விலக்கும் சட்டபூர்வமான வழக்கம் இருந்ததாக ஆகாது, தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பது முடிவின் சாரம். தீண்டாமை தவறு என்பதால் வந்த வெற்றி அல்ல இது. வழக்கம் நிரூபணமாகியிருந்தால் அது நியாயமா என்று பிறகு பார்க்கவேண்டியிருந்திருக்கும் என்ற அளவோடு நீதிமன்றம் நின்றுகொண்டது.

ஆக, வென்று கொடுத்தது எது? சட்டமன்றத்தின் பெருந்தன்மையான தீர்மானம் தூங்கிவிட்டது. நகராட்சியின் துணிச்சலான தீர்மானம் ரத்தாகிவிட்டது. கடைசியில் துணைநின்றது, குளம் யார் பொறுப்பில் இருக்கிறது என்ற, ஒருவரும் படிக்க விரும்பாத சாதாரணக் கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியைக் கேட்கவைத்தவர்கள் மார்ச் 20 அன்று நடந்தவர்கள். அவர்கள் நடந்திருக்காவிட்டால் ரத்து செய்யவேண்டிய அவசியமே வந்திருக்காது. தூங்கும் தீர்மானத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

மகத் கற்றுக்கொடுத்ததை அம்பேத்கர் மறக்கவில்லை. 1932 அக்டோபரில் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது எதிர்த்துப் பேசினார். வயதுவந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தால்கூட ஒடுக்கப்பட்டோருக்கு அது காவல் ஆகாது, தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்றார். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அவர் சொன்ன கடுமையான வார்த்தைகளுக்காக இன்றும் அவர்மீது வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் 1927 ஆகஸ்ட் 4இன் கூட்டத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். உள்ளாட்சிகளில் நமக்கு இடஒதுக்கீடு அரசியலமைப்பில் ஏற, 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்கள் வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அரசியலமைப்பின் 15(2)ஆம் உறுப்பை எடுத்துப் படியுங்கள். கடை, உணவகம் என்று தொடங்கி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று போகும். முழுமையாகவோ பகுதியாகவோ அரசின் பணத்தில் பராமரிக்கப்படுபவை என்று ஒரு நிபந்தனை வரும். 1923இல் போலே வாசித்த பட்டியலின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது, பொதுப்பணம் என்ற அளவுகோலும் இருக்கிறது. பரிந்துரைக்கிறது என்ற சொல் மட்டும் இல்லை. எந்த நகராட்சியும் கூடி ரத்து செய்ய முடியாத இடத்தில் அந்தப் பட்டியலை வைத்துவிட்டார்கள்.