38,000 அடி என்ற தப்புக்கணக்கு

போன வாரம் சிமுலேட்டரில் ஒரு போயிங் 707-ஐக் கடலில் போட்டேன். லண்டனிலிருந்து நியூயார்க், 1968, ஏர் இந்தியா வண்ணம். டாங்கி நிறைய எரிபொருள், மொத்த எடை சுமார் 140 டன். பழக்கதோஷத்தில் உயரத்தை 38,000 அடின்னு வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் மூக்கு மேலே தூக்கியிருக்கு, வேகம் சரிந்துகொண்டிருக்கு, இறக்கை நடுங்குகிறது. அப்புறம் என்ன, அட்லாண்டிக்தான்.

சிமுலேட்டரைத் திட்டிவிட்டுப் பழைய விமானங்களின் அட்டவணைகளைப் புரட்டினேன். தப்பு என்னுடையது. இன்றைய விமானத்தில் எந்த உயரம், எந்த வேகம் என்று கணினியே சொல்லிவிடும். 707-இல் அந்த வேலையை ஃப்ளைட் இன்ஜினியர் அச்சடித்த அட்டவணையை வைத்துப் பார்த்தார். அந்த அட்டவணை முதலில் கேட்பது எடையைத்தான். கனமாக இருக்கும்போது 29,000, 31,000 அடி. எரிபொருள் தீரத்தீரப் படிப்படியாக மேலே. மெல்லிய காற்றில் இறக்கை தூக்குவதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் கூடும். மேல் வரம்பான மாக் எண்ணுக்கு உரிய வேகமோ அதை நோக்கி இறங்கி வரும். இரண்டும் நெருங்கும் இடத்தை விமானிகள் ‘காஃபின் கார்னர்’ என்பார்கள், அதாவது சவப்பெட்டியின் மூலை. நான் கனத்த விமானத்தோடு அதற்குள்ளே போய் நின்றிருக்கிறேன்.

மேல் வரம்பும் விளையாட்டு இல்லை. 1959 பிப்ரவரி 3 அன்று பான் ஆம் 707 ஒன்று அட்லாண்டிக் மேல் 35,000 அடியில் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் பயணிகள் பகுதியில் இருந்தார். ஆட்டோபைலட் விடுபட்டதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் சுமார் 6,000 அடி வரை பாய்ந்து இறங்கியது. மாக் வரம்பைத் தாண்டினால் மூக்கு தானாகவே இன்னும் கவிழும் என்பதுதான் இதில் பயங்கரம். கேப்டன் தவழ்ந்து காக்பிட்டுக்கு வந்து மீட்டார். எல்லோரும் பிழைத்தார்கள்.

என் 38,000-இல் இன்னொரு கோளாறும் உண்டு. 1968-இல் அப்படி ஒரு தளமே கிடையாது! 29,000 அடிக்கு மேலே உயரமானியை அவ்வளவு நம்ப முடியாது என்பதால் விமானங்களுக்கு நடுவே 2,000 அடி விட்டார்கள். ஆக 29, 31, 33, 35, 37 என்றுதான் போகும். இடைவெளியை 1,000 அடியாகக் குறைத்தது வட அட்லாண்டிக்கில் 1997-இல், இந்தியாவில் 2003-இல். 1952-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய காமெட்டுக்கு இந்த நெருக்கடி இல்லை. அந்த உயரத்தில் வேறு யாரும் இல்லாததால் எடை குறையக்குறைய மெல்ல மிதந்து ஏறியது. பின்னாளில் கான்கார்டும் அப்படித்தான்.

வேகத்துக்கு வருவோம். ‘உயரப் போனால் வேகம்’ என்று நினைத்திருந்தேன். ஒரே மாக் 0.82-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள்: 25,000 அடியில் சுமார் 494 நாட், 37,000 அடியில் 470 நாட். மேலே குளிர் அதிகம், ஒலியின் வேகமே குறைவு. உயரம் எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான். வேகம்தான் முக்கியம் என்று பந்தயம் கட்டிய கம்பெனி கான்வேர். அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு 990 விமானத்தை மணிக்கு 635 மைல் என்று வாக்குக் கொடுத்தது. காற்றின் இழுவை விடவில்லை. இறக்கையின் பின்விளிம்பில் கேரட் மாதிரி குமிழ்களை ஒட்டியும் அந்த வேகம் வரவில்லை. விற்றது 37 விமானங்கள். 880, 990 இரண்டிலும் சேர்த்துத் தாய்க் கம்பெனி ஜெனரல் டைனமிக்ஸுக்கு நஷ்டம் ஏறக்குறைய 42.5 கோடி டாலர்.

1973 அக்டோபருக்குப் பிறகு பந்தயமே முடிந்துபோச்சு. ஒரு பீப்பாய் எண்ணெய் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. விமானக் கம்பெனிகள் மாக் எண்ணைக் குறைத்தன.

இப்போதெல்லாம் உயரத்துக்கு முன்னால் வருஷத்தை முடிவு செய்கிறேன். நேற்று அதே லண்டன்–நியூயார்க், 1968: முதலில் 31,000, பாதிக் கடலில் 35,000, மாக் 0.82. பிறகு அதையே 1974 என்று வைத்து மாக் 0.80-இல் பறந்தேன். பத்து நிமிஷம் தாமதமாக இறங்கினேன். டாங்கியில் கொஞ்சம் கூடுதலாகவே மிச்சம் இருந்தது.