பேராக் தந்த பறக்கும் டாக்டர்

ஆட்டம் படிப்பைக் கெடுக்கும் என்னும் எண்ணம் நம் பெற்றோர் பலரிடம் இன்றும் வேரூன்றி நிற்கிறது. அதற்கு வரலாறு அளிக்கும் விடை நம் பேராக் மண்ணிலேயே இருக்கிறது.

டாக்டர் மணி ஜெகதீசன் 1943-ஆம் ஆண்டு கோலகங்சாரில் பிறந்தவர். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக ஓடியபோது அவருக்குப் பதினேழு வயது நிரம்பவில்லை. 1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் அரையிறுதியை எட்டினார். 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். அதே போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் எம். ராஜாமணி தங்கம் வென்றார். அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பெற்ற நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இவ்விருவரையுமே சேர்ந்தன.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஆட்டமே பிழைப்பாக இருந்தவர் உண்டு. 1959-இல் பிரெஞ்சு நாட்டுச் சைக்கிள் சுற்றுப் பந்தயத்தை வென்ற முதல் ஸ்பானியர் பஹமோந்தெஸ் அத்தகைய தொழில்முறை வீரர். ஒலிம்பிக்கிலோ ஊதியத்திற்கு ஆடுவோருக்கு அன்று இடமில்லை. ஆதலின் ஜெகதீசனுக்கு ஓட்டம் பிழைப்பாக முடியாது. அவர் மருத்துவம் பயின்றுகொண்டே ஓடினார். "பறக்கும் டாக்டர்" என்னும் பெயரும் அதனால் வந்ததே. பின்னாளில் நாட்டின் சுகாதாரத் துறைத் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார்.

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் கடந்தார். அந்நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது; அங்குள்ள மெல்லிய காற்று விரைவோட்டக்காரர்க்குத் துணை செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்தது. 2017-இல்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் அதனை முறியடித்தார்.

இந்த 49 ஆண்டுகளை அவருடைய பெருமையாக மட்டும் எண்ணி அமைதல் கூடாது. அது நமக்குரிய குறையும் ஆகும். இத்தனை காலத்தில் எத்தனை சிறுவர் பள்ளித் திடலோடு நின்றிருப்பர்! ஓடவல்ல பிள்ளையைப் புத்தகத்தின் பேரால் தடுப்பதும், படிக்கவல்ல பிள்ளையை ஓட்டத்தின் பேரால் விட்டுவிடுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். இரண்டையும் ஒருவரே செய்ய இயலும் என்பதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. அதனை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடன்.