டூரரின் முட்டைக்கோடு

நூரெம்பேர்க் நகரத்து ஓவியர் அல்பிரெக்ட் டூரர், கவராயமும் வரைகோலுங் கொண்டு அளக்கும் முறைபற்றிய நூலொன்றை 1525 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அறிஞர் மொழி இலத்தீனாயிருந்த அக்காலத்தில் அவர் ஜேர்மன் மொழியிலேயே எழுதினார். தம் நாட்டு இளம் ஓவியர் கைத்திறன் மிகுந்தும் அளவையறியாது, கிளை தறிக்கப்படாத காட்டுமரம்போல வளர்கின்றனர் என்பது அவர் கண்ட குறை. பொற்கொல்லர், கற்றச்சர், மரத்தச்சர் ஆகியோரையும் கருதியே அந்நூல் எழுந்தது.

கூம்பின் வெட்டுமுகங்களுக்குப் பட்டறையில் வழங்கத்தக்க பெயர்கள் வேண்டியிருந்தன. நீள்வளையத்தை முட்டைக்கோடு என்றார். பரவளைவு வடிவான ஆடி வெயிலைக் குவித்து எரிப்பதாதலின் அவ்வளைகோடு எரிகோடாயிற்று, அதிபரவளைவு கவைக்கோடாயிற்று. இவற்றுள் முதற்பெயரில் ஒரு வழுவும் ஒளிந்துள்ளது. கூம்பு கீழ்நோக்கி அகல்வதால் வெட்டுமுகமும் கீழ்ப்பாதியில் அகன்றிருக்குமெனக் கொண்டு, டூரர் அதனை முட்டை வடிவாகவே வரைந்துவிட்டார். உண்மையில் இரு பாதிகளும் ஒத்தவை. நீள்வளையத்தின் மையம் கூம்பின் அச்சில் அமையாது, அதற்குச் சற்றுக் கீழே விழுகின்றது. அப்படத்தை மாணவர்முன் வைத்து வழு யாதென வினவுதல், தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதி ஒப்புவிக்கச் செய்வதினும் நன்று. வரைந்து பார்த்தாலன்றி விடை தோன்றாது.

டூரர் 1528 இல் மறைந்தார். தொழிலாளர்க்கென அவர் எழுதிய நூல் 1532 இல் பாரிசு நகரில் இலத்தீனில் வெளிவந்து அறிஞர் கைக்கும் எட்டியது.